முன்சக்கரத்தின் சத்தம்

“மைனி, பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் எங்க கெடக்கு?”

ஐஸ்பெட்டியின் தலைமாட்டில் இருந்த ரீத்தாவின் காதருகே குனிந்து ஆன்ட்ரூஸ் கேட்டான். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களில் நாலைந்து பேர் பாதியில் நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்கள். பெட்டிக்குள் கிடப்பவன் ரீத்தாவின் புருஷன், அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் கிளீட்டஸ். முற்றத்தில் பந்தல் கட்டி முடியவில்லை, குழி வெட்ட இன்னும் ஆள் போகவில்லை, இவன் ஸ்பேனர் தேடுகிறான். துக்கம் தலைக்கேறிவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ரீத்தா அப்படி நினைக்கவில்லை.

“இப்பம் எதுக்கு அது?”

“அண்ணனுக்க வண்டியக் கழத்தி ஒண்ணு பாக்கணும். நாய் குறுக்க வந்துச்சு, சரி. வந்தா என்ன? பிரேக்கு பிடிச்சா நிக்கணும்லா? முப்பது வருசமா வண்டி ஓட்டுக ஆளு மைனி அவன்.”

கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஏசுஅடிமை தலையைத் தூக்கினார். இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவர், எழுபத்தாறு வயது. நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத்தண்ணீர்கூட அவர் வாயில் படவில்லை. அந்த நாயைச் சபித்ததைத் தவிர வேறு பேச்சும் இல்லை.

“வண்டிக்கு என்னவாம்?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல மாமா. எல்லாம் அந்த நாயி செஞ்ச வேலை” என்றாள் ரீத்தா.

நாய் எதுவும் குறுக்கே வரவில்லை. அது அவளுக்கும் பெட்டிக்குள் கிடப்பவனுக்கும் மட்டுமே தெரியும்.

ஆன்ட்ரூஸ் கத்தாரில் பதினான்கு வருடம் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தவன். ஒரு வண்டியைக் கழற்றினால் அது எங்கே, எப்படிக் கெட்டது என்று சொல்லாமல் கையைத் துடைக்க மாட்டான். லீவில் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஸ்பேனர் அடுக்களைப் பரணில் இருப்பது ரீத்தாவுக்குத் தெரியும். தெரியாது என்று தலையை ஆட்டினாள். சரி, தேடிக்கொள்கிறேன் என்று அவன் உள்ளே போனான்.

அந்தச் சத்தம் தொடங்கிப் பத்து நாள் இருக்கும். கிளீட்டசின் பைக் பழையது. பின்னால் மீன்பெட்டி கட்டி, விடியற்காலையில் கடியப்பட்டணம் கரையில் மீன் எடுத்து, கருங்கல் பக்கம் வீடுவீடாகக் கொண்டுபோய் விற்பான். முதலில் முன்சக்கரத்தில் மெல்லிதாக ஒரு கிச்சுக் கிச்சு. இரண்டு நாளில் அது நீண்டு, சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஒரு ‘கீச்’ என்று பிடித்துக்கொண்டது. தெருநாய்கள் குரைத்தன. தெருமுனையில் சிலுவை நிற்கிற குருசடித் திருப்பத்தில் சத்தம் கேட்டதும் ரீத்தா தட்டில் சோற்றைப் போட ஆரம்பிப்பாள். அவன் கைகால் கழுவி வரும்போது சோறு சரியான சூட்டில் இருக்கும்.

ஊரில் வைத்தியம் சொல்லாதவர் பாக்கியில்லை. டீக்கடை சுயம்புராஜ், பேரிங் போய்விட்டது என்று ஒரே அடியாகச் சொன்னான். அவனிடம் சைக்கிள்கூடக் கிடையாது. மீட்டர் கேபிள் உரசுகிறது என்றார் ஒருவர். கடப்புறத்து வண்டி உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கத்தத்தான் செய்யும், நாலு கிலோமீட்டர் ஓடினால் வாயடைத்துவிடும் என்றார் இன்னொருவர். நாலு கிலோமீட்டர் என்ன, நாற்பது ஓடியும் அது வாயடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆன்ட்ரூஸ் அதைப் பிடித்துக்கொண்டான். கிளீட்டஸ் வண்டியை மெல்ல உருட்ட, ஆன்ட்ரூஸ் முதுகை வளைத்து சக்கரத்துக்கு நேராகக் காதை வைத்துக்கொண்டு கூடவே தத்தித்தத்தி நடந்தான். ரீத்தா அடுக்களை ஜன்னலில் நின்று சிரித்தாள். பிறகு அவன் கேபிளைக் கழற்றிவிட்டு உருட்டச் சொன்னான், சத்தம் போகவில்லை. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான், ஆட்டம் இல்லை. கையால் சுற்றிவிட்டு பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினான். சத்தத்தின் சுருதி மாறியது.

“பேரிங் ஒண்ணுமில்ல. பிரேக்குக் கட்டை தேஞ்சுபோச்சு. இரும்பு இரும்போட உரசுகு” என்றான்.

அந்த மாடலுக்குக் கருங்கலில் கட்டை கிடைக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து வியாழக்கிழமை வரும் என்று கடைக்காரன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்ரூஸ் கடைசியாக அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தான். அதை ரீத்தா கேட்கவில்லை. கஞ்சி பொங்கி, அவள் அடுப்புக்கு ஓடியிருந்தாள்.

திங்கட்கிழமை மாலை அவளுக்குத் தலைவலி. கிளீட்டஸ் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற சத்தம் குருசடியிலிருந்தே அவள் மண்டையில் அறுத்தது. வாசலில் இருந்த மாமனாரிடம் சொன்னாள்.

“மாமா, இந்தச் சத்தத்துக்கு நீங்க ஒண்ணும் செய்யப்பிடாதா? மண்ட வெடிக்கு எனக்கு.”

சும்மா சொன்னாள். ஏசுஅடிமை அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. கடலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடத்தில் ‘நீங்கள் செய்யக்கூடாதா’ என்று அவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை.

செவ்வாய் விடிகிற நேரத்தில் ரீத்தா கதவைத் திறந்தபோது அவர் பைக்கின் முன்னால் சம்மணம் போட்டு இருந்தார். கையில் மீன்நெய்க் குப்பி; சுறாவின் ஈரலைக் காய்ச்சி எடுத்தது. கோழி இறகுத் தூவலை அதில் முக்கி, சக்கரத்தின் வெள்ளி நிறப் பிரேக்குத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினார். தட்டைக் கவ்வியிருந்த கட்டையின் இடுக்கிலும் சொட்டுச்சொட்டாக விட்டார். வள்ளத்தில் சுக்கான் கரகரத்தால், கப்பி கிறீச்சிட்டால், அவர் கைக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். ஐம்பது வருடத்தில் அது பொய்த்ததே இல்லை.

“இரும்பு கத்துகுன்னா நெய் கேக்குகுன்னு அர்த்தம் மக்கா. இது ஒருக்கா ஏறிச்சுன்னா ஆறு மாசத்துக்கு உப்புத்தண்ணிகூட கழுவாது, பாத்துக்கோ” என்றார்.

சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். மூச்சு இல்லாமல் சுற்றியது. ரீத்தாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. கட்டன் சாயாவில் அவருக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் கொடுத்தாள். அதை இப்போது நினைக்கும்போது அவளுக்கு நாக்கு கசந்தது.

அன்று பதினோரு மணிக்கு அவள் அடுக்களையில் குனிந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது வாசற்படியில் கிளீட்டஸ் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. குருசடியில் சத்தம் கேட்கவில்லை, முற்றத்தில் கேட்கவில்லை. சட்டையெல்லாம் செம்மண். ஏனோ அவள் தேங்காய் மூடியைக் கீழே போட்டுவிட்டாள்.

“வழுக்கிட்டு போச்சுட்டி” என்றான் மெதுவாக. “கருங்கல் இறக்கத்துல முன்னால பஸ்சு. முன்பிரேக்க முழுசா அமுக்கினேன். பிடிக்கவே இல்ல. பெட்டி கனத்துல பின்பிரேக்கும் நிக்கல்ல. பாலத்துச் சுவத்துல கொண்டு சாச்சேன். ஹேண்டிலு வயித்துல குத்திச்சு.”

அப்போதுதான் வாசலிலிருந்து ஏசுஅடிமை வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சத்தம் போச்சுல்லா? பாத்தியா அப்பனுக்க வேலைய! ரீத்தா சொன்னா, நான் விடியுமுன்ன எழும்பி மீன்நெய் போட்டேன்.”

கிளீட்டஸ் அப்பாவைப் பார்த்தான். பிறகு ரீத்தாவைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் அவன் முகத்தில் எல்லாம் வந்து போனதை அவள் கண்டாள்.

“ஆமாப்பா, ஒரு சத்தமும் இல்ல” என்றான்.

“சட்ட என்ன இப்படி?”

“ஒரு நாய் குறுக்க வந்துட்டு.”

கிழவர் போனதும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தான். பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிடிக்காது, எதைத் தொட்டாலும் எண்ணெயை மட்டும் கிட்டத்தில் கொண்டுபோகாதே என்று ஆன்ட்ரூஸ் ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னான்.

“சோப்புப் போட்டுத் தேங்கா நாரு வச்சுத் தேச்சா போயிரும். சாயங்காலம் நானே கழுவுகேன். அப்பாட்ட சொல்லாண்டாம், கேட்டியா? மனுசன் தாங்கமாட்டாரு.”

“ஆஸ்பத்திரிக்குப் போவலாமே?”

“போனா எதுக்குன்னு கேப்பாரு. சும்மா குத்துதான். தோளுதான் வலிக்கு, தைலம் தேச்சு விடு.”

வயிற்றில் குத்துப்பட்டவனுக்கு இடது தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தைலம் தேய்த்தாள். ஒரு மணிக்கு அவன் உதடு வெளுத்தது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். ஒன்றரைக்கு ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது அவள் மடியில் அவன் தலை கனத்துவிட்டது. அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். எனக்க பிள்ளைய அறுக்க விடமாட்டேன் என்று கிழவர் ஆட்டோவை மறித்துக்கொண்டு நின்றார். பிள்ளையோடு திரும்பி வந்தார்கள்.

அப்பாட்ட சொல்லாண்டாம். அதற்குப் பிறகு அவன் தைலம் கேட்டான், தண்ணீர் கேட்டான். அதையெல்லாம் கடைசி வார்த்தை என்று அவளால் வைத்துக்கொள்ள முடியவில்லை. இதைத்தான் வைத்துக்கொண்டாள்.

ஆன்ட்ரூசுக்கு ஸ்பேனர் கிடைத்துவிட்டது. முற்றத்து ஓரத்தில், கழுவுகல்லை ஒட்டி நின்ற பைக்கின் முன்னால் போய்க் குந்தினான். ரீத்தாவுக்கு ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அவனுக்குத் தெரிந்துவிடும். விரலால் தட்டைத் தொட்டால் போதும். ஆன்ட்ரூஸ் எதையும் மனதில் வைத்துக்கொள்ளுகிறவன் அல்ல. எவன் இதுல எண்ணெய் போட்டது என்று முற்றத்தில் நின்று அலறுவான். கிழவர் நாற்காலியிலிருந்து, நான்தான் மக்கா போட்டேன் என்பார்.

அவன் கை சக்கரத்துக்கு நீண்டது. ரீத்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆன்ட்ரூசு!” வாசலில் கோயில் உபதேசியாரின் குரல். “அம்மைய அடக்கின குழியத்தான தோண்டணும்? ஆரும் வந்து காட்டல்லேன்னா வெட்டுகாரன் எங்க வெட்டுவான்?”

ஆன்ட்ரூஸ் எழுந்தான். ஸ்பேனரை வண்டி சீட்டில் வைத்தான். “இதை ஆரும் தொடாண்டாம். நான் வந்து பாக்கேன்” என்று பந்தல்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போனான்.

புருஷன் கிடக்கும்போது தலைமாட்டை விட்டுப் பெண்டாட்டி எழும்புவது வழக்கமில்லை. ரீத்தா எழுந்தாள். பக்கத்தில் இருந்த அபினா, ஆன்ட்ரூசின் மனைவி, அவள் கையைப் பிடித்தாள். “எங்க மைனி? கூட வாறேன்.”

“பாத்ரூமுக்கு. நீ இரு.”

பின்வாசல் வழியாகச் சுற்றி வந்தாள். பந்தல்காரர்கள் சாயா குடிக்கப் போயிருந்தார்கள். கழுவுகல்லில் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் நாரும் கிடந்தன. முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சக்கரத்தின் முன்னால் முழந்தாளிட்டாள். நாரை நனைத்துத் தட்டைத் தேய்த்தாள். நுரை முதலில் மஞ்சளாக வந்தது, பிறகு கறுத்தது. மீன்நெய் வாடை குப்பென்று அடித்தது. மீன்வண்டியில் அந்த வாடையை யார் கேட்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கட்டை இடுக்கில் விரல் போகவில்லை. தூவலால்தானே விட்டார் என்று நினைத்து, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்துச் சோப்பில் முக்கி உள்ளே விட்டுக் குடைந்தாள். நாலு முறை தண்ணீர் ஊற்றினாள். கடைசியில் சேலை முந்தானையால் தட்டை ஒற்றித் துடைத்தாள்.

மாமனாருக்காகத்தான் இதைச் செய்தாளா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று முழுசாகச் சொல்ல அவளால் முடியாது. செய்யச் சொன்ன வாய் அவளுடையதுதானே. நெய் போட்டவர் கிழவர் என்றால், போடச் சொன்னது யார்? அது வெளியே வந்தால் இதுவும் வரும். முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய் பழைய இடத்தில் இருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கிழவர் மட்டும் காற்றை ஒருமுறை மோந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் மகள் ரெஜிஷா பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தாள். நர்சிங் மூன்றாம் வருடம். அழுது ஓய்ந்தபின் அம்மாவின் தோளில் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“அப்பாக்கு இடது தோளு வலிச்சுதா?”

ரீத்தா தலையசைத்தாள்.

“அது உள்ள ரத்தம் போறதும்மா. காலையிலயே கொண்டு போயிருந்தா...” தன் தோள் நனைவதை ரீத்தா உணர்ந்தாள். கையைத் தூக்கி மகளின் தலையைத் தடவப் போனவள், கையில் வாடை இருக்குமோ என்று நினைத்து மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு அடக்கம். மூன்றரைக்குச் சவப்பெட்டி வந்தது. முற்றத்தின் வழி குறுகல்; கழுவுகல்லும் பைக்கும் சேர்ந்து பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. கல்லறைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வியர்த்து ஒழுகத் திரும்பிய ஆன்ட்ரூஸ், பெட்டி தூக்கியவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, சீட்டில் இருந்த ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டைத் தட்டி வண்டியை உருட்டினான்.

கீச்.

முற்றத்தில் பேச்சு நின்றது.

கீச். கீச்.

யாரோ ஒரு பெண், “எனக்க கிளீட்டசு வாறானே!” என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள். உடனே வீடு முழுக்க ஒப்பாரி எழும்பியது. ரெஜிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆன்ட்ரூஸ் வண்டியை நிறுத்தினான். மறுபடி ஒரு முழம் உருட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டான். அவன் முகம் கோணியது.

“அதே சத்தம். கட்ட தேஞ்ச சத்தம். ஞாயித்துக்கெழமயே சொன்னேனே பாவி, மாத்துகது வர ஓட்டாதன்னு ஒரு வார்த்த நான் சொல்லாம விட்டுட்டேனே...” என்று ஹேண்டிலில் தலையைச் சாய்த்து அழுதான். ஸ்பேனரை அவன் வெளியே எடுக்கவில்லை. இனி எடுக்கமாட்டான்.

முடிந்தது என்று ரீத்தா நினைத்தாள். அந்தப் பழியை ஆன்ட்ரூஸ் தூக்கிக்கொண்டான். அவனுக்கும் அது உரியதல்ல, ஆனால் அவன் தாங்குவான். மூச்சை விட்டபடி திரும்பினாள்.

ஏசுஅடிமை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அவர் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்ரூஸ் வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போக, அது கத்திக்கொண்டே போயிற்று. உப்புத்தண்ணீர் கழுவாத நெய் ஒரே நாளில் எங்கே போகும்? வண்டி போன பின்னும் அவர் அந்த இடத்தையே பார்த்தார். கழுவுகல்லின் அடியில் காயாத ஈரம். அதில் கறுத்த நுரை ஒட்டிக்கொண்டிருந்த தேங்காய் நார். பிறகு அவர் பார்வை வீட்டுக்குள் வந்து, ரீத்தாவின் முகத்துக்கு வராமல், அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையில் நின்றது. மடிப்பு அவிழ்ந்து ஒரு சாண் அகலத்துக்குக் கறை தெரிந்தது. அவள் அதை மறைக்கக் கையைக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றுவிட்டது.

“நாயி வரல்ல” என்றார். கேள்வி கேட்கிற மாதிரி இல்லை.

ரீத்தா கையைக் கீழே இறக்கினாள்.

பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். கிளீட்டசைத் தூக்கிக் கிடத்தினார்கள். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். மூடுவதற்கு முன் வீட்டார் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் கொடுக்கலாம் என்றார் உபதேசியார். தகப்பன்தான் முதலில் வரவேண்டும். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள்.

ஏசுஅடிமை பெட்டியருகே வந்தார். பிள்ளையின் முகத்துக்கு நேராக இரண்டு கையையும் நீட்டினார். தொடப்போனவர் கைகளைப் பார்த்தார். அப்படியே பின்வாங்கி, யாரையும் பார்க்காமல், முற்றத்துக்கு இறங்கிக் கழுவுகல்லுக்குப் போனார். ரீத்தாவும் எழுந்து பின்னால் போனாள். இந்தமுறை அபினா அவள் கையைப் பிடிக்கவில்லை.

அவர் குனிந்து நாரை எடுத்தார். சோப்பில் தேய்த்தார்.

“கொஞ்சம் தண்ணி விடு மக்கா.”

அவள் கப்பில் மோந்து ஊற்றினாள். அவர் விரல் விரலாகத் தேய்த்தார். விரல் இடுக்கு, நகத்தின் அடி, உள்ளங்கையில் தூண்டில்கயிறு அறுத்த பழைய வரிகள். நுரை வெள்ளையாகத்தான் வந்தது. உள்ளேயிருந்து உபதேசியார், “பெரியவரே, நேரமாச்சு” என்று கூப்பிட்டார். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அவர் மறுபடியும் சோப்பை எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் விடு” என்றார்.

ரீத்தா ஊற்றினாள்.